நாள்காட்டியில் வருஷம் தெரியாத காட்சி

ஒரு சினிமாக் காட்சி எந்தத் தேதியில் நடக்கிறது என்று குறிக்க வேண்டும், ஆனால் செட்டிநாட்டு வீட்டு வளவுச் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) சுவரில் தொங்கும் நாள்காட்டியில் டிசம்பர் 14 மட்டும் தெரிகிறது, கிழமையும் வருஷமும் மங்கல் என்று கேட்டிருந்தீர்கள். படத்தை நிறுத்தி, தாளின் அடியில் ராகு காலத்தைப் பாருங்கள். 10.30–12 என்றால் வெள்ளி, 7.30–9 திங்கள், 3–4.30 செவ்வாய். கிழமை கிடைத்துவிட்டது.

கிழமை வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2000-க்குப் பிறகு டிசம்பர் 14 வெள்ளியாக வந்தவை 2001, 2007, 2012, 2018. இவற்றைப் பிரிக்கத் தாளில் உள்ள தமிழ் வருஷப் பெயர் போதும், முறையே: விஷு, சர்வசித்து, நந்தன, விளம்பி. எழுத்து பாதி தெரிந்தாலே பிடித்துவிடலாம். படம் வெளியான வருஷத்தைத் தாண்டியதை அடித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று: படப்பிடிப்புக்கு வீடு வாடகைக்கு எடுத்தவர்கள் தாளைக் கிழிக்க மறப்பது சகஜம். கதையில் நாலு நாள் ஓடியும் அதே 14 நின்றால் அது கதைத் தேதி இல்லை, படம்பிடித்த காலத்துத் தாள். வசனத்தில் சொல்லும் தேதியையே எடுங்கள்.

நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும் (நூலிழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு விழுங்கும்) காட்சிக்கு ஆங்கிலத் தேதி குறிக்காதீர்கள், வருஷா வருஷம் நகரும். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாளை எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடுகிறதா என்று பஞ்சாங்கத்தில் சரிபார்த்து, அன்றைக்குப் போடுங்கள்.