கோஸ்ட் கம் மரம் பாறையோடு கலந்துவிடுகிறதா? சிவப்பைக் குறையுங்கள்

வணக்கம். ஆஸ்திரேலியாவின் ஓர்மிஸ்டன் கார்ஜ் பள்ளத்தாக்கில் படமெடுத்த கோஸ்ட் கம் என்ற யூகலிப்டஸ் வகை மரத்தின் வெள்ளை அடிமரம், கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் பின்னாலுள்ள பாறைச் சுவரில் கரைந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். எடிட்டிங்கில் நீங்கள் போட்ட சிவப்பு ஃபில்டர் பிரீசெட்தான் (முன்பே தயாராக உள்ள அமைப்பு) காரணம். அது நீல வானத்தை அழகாகக் கறுப்பாக்கும், சரி. ஆனால் அங்குள்ள சிவப்புக் குவார்ட்சைட் பாறையை வெளுக்கவும் வைத்துவிடும்.

பிரீசெட்டை எடுத்துவிட்டு, ரா ஃபைலில் (கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்பு) சிவப்பு, ஆரஞ்சு நிறங்களின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு ஸ்லைடர்களையும் கீழே இறக்குங்கள். ஆரஞ்சை விட்டுவிடாதீர்கள், பாறையின் நிறத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கும். பாறை கறுக்கும், மரம் எல்லா நிற ஒளியையும் திருப்பி அனுப்புவதால் வெள்ளையாகவே நிற்கும்.

மாலைப் பொன்வெயிலில் எடுத்த படமென்றால் மரமும் ஆரஞ்சாகி, பாறையோடு சேர்ந்து மங்கும். அதற்கு ஸ்லைடர் அதிகம் உதவாது. மரத்தில் வெயிலும் சுவரில் நிழலும் விழும் நேரத்துக்காகக் காத்திருப்பதுதான் என் கணிப்பில் ஆகச் சிறந்த வழி.

வானத்தைக் கறுப்பாக்க, அதை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றும்படி தனியாக மாஸ்க் போடுங்கள். நீலத்தை ரொம்ப இழுத்தால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும்.

ஃபிலிமிலும் எடுப்பதாகச் சொன்னீர்களே, இல்ஃபோர்ட் ஆர்த்தோ பிளஸ் வாங்கிப் பாருங்கள். சிவப்பை உணராத ஃபிலிம், பகலொளியில் அதன் ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 80. அந்தச் சுவர் தானாகவே கறுத்துவிடும்.