டப்பா தேடி ஒரு நடை, நடுவில் ஒரு பப்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் குடும்பத்தோடு ஜியோகேஷிங் போவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. பதினோரு வருடமாக லண்டனுக்குத் தெற்கே சரே, கெண்ட் மாவட்டங்கள் பக்கம் பிள்ளைகளோடு நடக்கிறேன், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஜியோகேஷிங் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள். (ஈஸ்ட் ஹாம்)

யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே மறைத்து வைப்பது. ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் எடுத்தார்கள், உடனே மே 3 அன்று ஆரிகனில் டேவ் உல்மர் என்பவர் முதல் டப்பாவை வைத்தார். ஆனால் டப்பா ஒளிக்கும் பழக்கம் இந்த நாட்டுக்குப் பழையது. டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் 1854-லேயே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர் அச்சிட்ட விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டுப் போக ஒரு ஜாடி வைத்தார்.

பிள்ளைகளுக்கு ஆறு வயது, நான்கு வயது. முதல் நடைக்கு எங்கே போகலாம்? கார் இல்லை. (குராய்டன்)

சரேயில் காம்ஷல் ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து ஷியர் கிராமத்துக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். டில்லிங்போர்ன் என்கிற சின்ன ஆறு ஊர் நடுவே கணுக்கால் ஆழத்தில் ஓடுகிறது, வாத்துகள் இருக்கும், பழைய தேவாலயம் இருக்கிறது, சாப்பிட இடமும் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் வைக்காதீர்கள். நமக்கு அரை மணி நேர நடை, ஆனால் குச்சி பொறுக்கி, சேற்றில் குதித்து, டப்பா தேடி வரும்போது ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்: சாப்பாடு எத்தனை மணிக்கு, அதற்கு எத்தனை டப்பா முன்னால், அப்படியானால் எந்த ரயில். கிராமத்துப் பப்புகள் பலவற்றில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரை மணிக்கு நின்றுவிடும், அப்புறம் ஆறு மணிக்குத்தான் அடுப்பு எரியும். மூன்று மணிக்குப் பசித்த பிள்ளையோடு போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட் தவிர ஒன்றும் கிடைக்காது.

ஜியோகேஷிங் ஆப்பில் டப்பாவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேடும் கஷ்டத்துக்கு ஒன்று, நிலத்தின் கஷ்டத்துக்கு ஒன்று என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் இருக்கும். இரண்டும் ஒன்றரைக்குள் இருக்கிறதா பாருங்கள். அளவு 'மைக்ரோ' என்று போட்டிருந்தால் பழைய ஃபிலிம் டப்பி அளவோ அதற்கும் சின்னதோதான், உள்ளே சுருட்டிய தாள் மட்டும் இருக்கும், பிள்ளைகளுக்கு ஏமாற்றம். 'ஸ்மால்', 'ரெகுலர்' தேடுங்கள். என் மகள் முதன்முதலில் திறந்தது ஐவி கொடி மூடிய மரக்கட்டைக்கு அடியில் கிடந்த ராணுவ இரும்புப் பெட்டி. மூடியின் கொக்கியை இரண்டு கையாலும் இழுத்தாள், டக்கென்று திறந்தது, உள்ளே ஈரத் தாள் வாசனை, ஒரு கால் உடைந்த பச்சை டைனோசர், வெளிநாட்டுக் காசு ஒன்று. பையிலிருந்த மணிமாலையைப் போட்டுவிட்டு டைனோசரை எடுத்துக்கொண்டாள். எடுத்ததற்குச் சமமாக ஒன்றை வைக்க வேண்டும், அதுதான் வழக்கம். தின்பண்டம் மட்டும் கூடாது, நரியும் எலியும் மோப்பம் பிடித்து டப்பாவைக் கடித்துவிடும்.

டப்பா இருக்கும் இடத்தின் கோ-ஆர்டினேட் வடக்கு 51 பாகை (டிகிரி) 13.450 என்று இருந்தது. 13 நிமிடம் 45 விநாடி என்று நானே கூகுள் மேப்பில் போட்டேன், நட்ட நடு வயலில் கொண்டுபோய் நிறுத்தியது. டப்பா வைத்தவர் தப்பாகக் கொடுத்திருக்கிறாரா? (லெஸ்டர்)

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் கொடுத்தது சரி. ஜியோகேஷிங்கில் பாகை, அப்புறம் தசமத்தோடு நிமிடம், அவ்வளவுதான், விநாடி கிடையாது. வடக்கு 51 பாகை 13.450 என்றால் 13 நிமிடமும் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவும், அதாவது 27 விநாடி. நீங்கள் 13 நிமிடம் 45 விநாடி என்று போட்டிருக்கிறீர்கள். அந்த 18 விநாடி வித்தியாசம் தரையில் ஐந்நூற்றைம்பது மீட்டர்.

டப்பாவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாக ஃபோன் சொல்கிறது, அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. (மில்டன் கீன்ஸ்)

வெட்டவெளியிலேயே ஃபோன் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும், மரத்தடியில் பத்தும் ஆகும். கடைசிப் பத்து மீட்டரில் ஃபோனைப் பைக்குள் வையுங்கள். இயற்கையாகக் கிடக்காத எதையும் பாருங்கள்: வரிசையாக அடுக்கிய குச்சி, மர வேரில் செருகிய கல், வேலிக் கம்பத்தின் பின்பக்கம். பிள்ளைகளின் கண் நம் இடுப்பு உயரத்தில் இருப்பதால் அவர்களுக்கு இது சீக்கிரம் தென்படும். நீங்கள் முதலில் பார்த்துவிட்டாலும் வாயைத் திறக்காதீர்கள், அவர்கள் கண்டுபிடிக்கட்டும். கிளம்பும் முன், உங்களுக்கு முன்னால் தேடியவர்கள் ஆப்பில் போட்ட கடைசிப் பதிவுகளையும் படியுங்கள். நான்கு பேர் தொடர்ந்து 'கிடைக்கவில்லை' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் டப்பா அங்கே இருக்காது.

வழி மாட்டுக் கொட்டில் பக்கமாகப் போகிறது, புல்வெளியில் கன்றுகளோடு பசுக்கள். மகன் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறான். (ரெடிங்)

வேண்டவே வேண்டாம். நம்மூரில் வாசலுக்கு வந்து அகத்திக்கீரை தின்னும் பசுவை மனதில் வைத்துக்கொண்டு இங்கே தட்டிக்கொடுக்கப் போகாதீர்கள். இவை மந்தையாகத் திறந்தவெளியில் வளர்பவை, கன்று இருக்கும்போது முட்டும், மிதிக்கும், இந்த நாட்டில் அப்படி உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே ஒருநாளும் போகக் கூடாது. ஓரமாகச் சுற்றி, ஓடாமல், சத்தம் போடாமல் நடங்கள். நாய் இருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள்.

பப்புக்குள் பிள்ளைகளை விடுவார்களா? (டூட்டிங்)

பெரியவரோடு வந்தால் சட்டத்தில் தடையில்லை, ஆனால் பப் நடத்துகிறவர் மறுக்கலாம், சில இடங்களில் சாயங்காலத்துக்கு மேல் விடமாட்டார்கள். பெரும்பாலும் கவுண்டரில் போய் மேசை எண் சொல்லி ஆர்டர் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும், உட்கார்ந்தபடி காத்திருந்தால் யாரும் வராமல் போகலாம். சேற்று பூட்ஸை வாசலிலேயே கழற்றுங்கள். கார் ஓட்டுகிறவருக்கு மது இல்லாத லைம் அண்ட் சோடா.

தோட்டத்து மேசையில் நான்கு கோக் வாங்கிக்கொண்டு எங்கள் புளிசாதத்தைப் பிரித்தோம். பணிப்பெண் வந்து மூடச் சொன்னார். நிறம் பார்த்துத்தானே? (ஹாரோ)

உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும், புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்ன அளவில் நிறம் காரணமாகத் தெரியவில்லை. வீட்டு சாண்ட்விச்சைப் பிரித்த வெள்ளைக்காரக் குடும்பத்துக்கும் அதையே சொன்னதைப் பார்த்திருக்கிறேன். சரவணபவனில் உட்கார்ந்து காபி மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டு இட்லியைப் பிரிப்போமா?

நீங்கள் சொல்வது நியாயமில்லை. பக்கத்து மேசையில் பிள்ளைக்கு டப்பாவிலிருந்து ஊட்டினார்கள், அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. (மீண்டும் ஹாரோ)

கைக்குழந்தைக்கு ஊட்டுவதை யாரும் தடுப்பதில்லை, நீங்களும் ஊட்டலாம். நாலு பேருக்கு அடுக்கு டிபன் பிரிப்பது வேறு. புளிசாதத்தை தேவாலயத்துக்கு வெளியே பெஞ்சிலோ ஆற்றங்கரையிலோ சாப்பிடுங்கள், அதைவிட நல்ல இடம் கிடையாது. அப்புறம் பப்பில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமும் உங்களுக்குக் காபியும் வாங்குங்கள், கழிப்பறைக்கும் போய்வரலாம்.

சாராயக் கடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொல்லி நீங்களே எழுதலாமா? (பெயர் போடாதவர்)

இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் அம்மாவும் இதைத்தான் கேட்டார். நம்மூர் டாஸ்மாக்கையோ பாரையோ நினைத்துக்கொண்டு கிராமத்துப் பப்பை எடை போட முடியாது. ஊரில் கடை மூடியிருக்கும், தபால் நிலையம் போயிருக்கும், கதவு திறந்திருக்கும் ஒரே பொது இடம் பல ஊர்களில் இதுதான். ஒரு டிசம்பரில் மழையில் மாட்டிக்கொண்டோம், நாலு மணிக்கே இருட்டிவிட்டது, மகனின் கையுறையில் சொட்டச் சொட்டத் தண்ணீர். கவுண்டரில் இருந்த அம்மா கேட்காமலே வாங்கிக் கணப்புக்கு முன்னால் நாற்காலி முதுகில் விரித்துப் போட்டார், திரும்பிப் போகும் வழியில் எந்தப் பாலம் தண்ணீருக்குள் இருக்கிறது என்றும் சொன்னார். அன்று நாங்கள் குடித்தது சூப். அந்த ஊர்க்காரர்களோடு என் பிள்ளைகள் பேசிப் பழகியது இப்படிப்பட்ட இடங்களில்தான். மனம் ஒப்பவில்லையென்றால் டீக்கடைகள் இருக்கின்றன, தாராளமாக அங்கே போங்கள். ஆனால் பப்புக்குப் போகிற பெற்றோரைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லாதீர்கள்.

இதே விஷயத்தில் இன்னும் ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். பதில் இதுதான், டப்பாவுக்குத் திரும்புவோம்.

சைவத்துக்கு என்ன கிடைக்கும்? (வெம்ப்ளி)

பப்புகளில் ஞாயிறு மதியம் போடும் ரோஸ்ட் சாப்பாட்டில், இறைச்சிக்குப் பதில் கொட்டைப் பருப்புகளால் செய்த நட் ரோஸ்ட் பல இடங்களில் உண்டு. கிரேவி மாட்டிறைச்சிச் சாறா என்று கேளுங்கள், உருளைக்கிழங்கை எந்தக் கொழுப்பில் வறுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

மதியம் எத்தனை மணிக்குப் போனால் சாப்பாடு கிடைக்கும்? (ஸ்லவ்)

குராய்டன் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போகலாமா? (சட்டன்)

ஃபோன் செய்து கேட்காமல் போகாதீர்கள். ரோஸ்ட் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

புல்லில் நடந்தால் உண்ணி ஒட்டுமாமே? (மேய்ட்ஸ்டன்)

ஒட்டும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள், நசுக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். அடுத்த சில வாரங்களில் வட்டமாகச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போய், உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு டப்பா வைக்க ஆசை. (பிரிஸ்டல்)

இடத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி, பக்கத்து டப்பாவிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தூரம், இரண்டும் வேண்டும். கல் மட்டும் அடுக்கிய பழைய சுவர்களில் செருகவே கூடாது, தேடுகிறவர்கள் சுவரைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். கடைத்தெருவில் யோசித்து வையுங்கள்: 2011-ல் யார்க்‌ஷயரின் வெதர்பியில் ஒரு டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து ராணுவ நிபுணர்கள் வந்து வெடிக்கவைத்தார்கள்.

ஸ்காட்லாந்திலும் இதே விதிகளா? (அபர்டீன்)

இல்லை. அங்கே நிலத்தில் நடக்கும் உரிமைக்கு 2003-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். கார் ஓட்டுகிறவருக்கான மது வரம்பும் இங்கிலாந்தைவிடக் குறைவு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80-க்குப் பதில் 50 மில்லிகிராம்.

மாட்டு மந்தைக்குள் வழி போனால்? (வேறொருவர்)

மேலே படியுங்கள். கன்று இருந்தால் சுற்றிப் போங்கள்.

இந்த ஞாயிறு முதல் தடவை கிளம்புகிறோம், தூறல் என்கிறார்கள். தள்ளிப்போடலாமா? (குராய்டன்)

போங்கள். மாற்றுச் சாக்ஸ் ஆளுக்கு ஒரு ஜோடி, டப்பாவில் போட இரண்டு சின்னப் பொம்மை. பேனா வேண்டாம், பென்சில் எடுங்கள், ஈரத் தாளில் அதுதான் எழுதும். தாளில் முதல் பெயரைச் சின்னவள் எழுதட்டும், நேரமானாலும் பரவாயில்லை. பப்புக்கு இன்றே ஃபோன் செய்து அடுப்பு எத்தனை மணிக்கு அணையும் என்று கேட்டுவிடுங்கள்.