விமானிப் படிப்பில் சோர்வு: கேள்வி பதில்

தரைப் படிப்பு, நேவிகேஷன், வானிலை, தேர்வுத் தயாரிப்பு பற்றிக் கேளுங்கள். சம்பளமும் வேலைவாய்ப்பும் இங்கே வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதமாகத் தரைப் படிப்புதான், விமானத்தில் இன்னும் ஏறவில்லை. வானிலைப் புத்தகத்தைத் திறந்தாலே கண் சொக்குகிறது.

புத்தகம் ஒரு பக்கம், விமானம் ஒரு பக்கம் என்று கிடந்தால் சொக்கத்தான் செய்யும். தினமும் இரண்டையும் கோத்துவிடுங்கள். காலையில் ஏதாவது ஒரு விமான நிலையத்தின் மெட்டாரை (குறியீடுகளில் வரும் வானிலை அறிக்கை) எடுத்து, குறியீடுகளைப் பிரித்துத் தாளில் எழுதுங்கள். பிறகு "இன்று இங்கிருந்து கிளம்பலாமா?" என்று கணக்குப் போடுங்கள்.

முதலில் பக்கக் காற்று. ஓடுபாதை 27 (அதாவது 270 பாகைத் திசை), காற்று 240 பாகையிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) என்றால் இடைக்கோணம் 30. காற்றில் பாதி, அதாவது 10 நாட், இடப்பக்கமிருந்து அடிக்கும். 15 பாகைக்குக் கால், 45க்கு முக்கால், 60க்கு மேல் முழுசு என்று மனக்கணக்கு போதும். மெட்டார் காற்று உண்மை வடக்கைக் கொண்டது, ஓடுபாதை எண் காந்த வடக்கைக் கொண்டது. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமுள்ள ஊர்களில் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து உயரம். நிலையம் 2,000 அடி, க்யூ.என்.எச். (கடல்மட்டத்துக்கு மாற்றிய காற்றழுத்தம்) 1003 ஹெக்டோபாஸ்கல், வெப்பம் 30 டிகிரி என்று வைப்போம். நிலையான அழுத்தமான 1013-லிருந்து 10 குறைவு. ஒன்றுக்கு 30 அடி வீதம் 300 அடி கூட்டினால் அழுத்த உயரம் 2,300. அந்த உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பம் சுமார் 10 டிகிரி, இருப்பதோ 20 அதிகம். டிகிரிக்கு 120 அடி வீதம் 2,400 சேர்த்தால் அடர்த்தி உயரம் 4,700. தரையில் நிற்கும்போதே உங்கள் இன்ஜினும் இறக்கையும் 4,700 அடிக் காற்றில்தான் வேலை செய்கின்றன. இப்போது விமானக் கையேட்டின் டேக்-ஆஃப் அட்டவணையில் 2,300 அடி, 30 டிகிரி வரியைப் பாருங்கள். பக்கத்திலேயே கடல்மட்டத்தில் குளிர்ந்த நாளுக்கான வரியையும் பாருங்கள். ஓட்டத் தூரம் எவ்வளவு நீள்கிறது என்று தெரிந்த பிறகு வெப்பநிலைப் பாடம் சொக்க வைக்காது.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?

45 நிமிடம் வீதம் மூன்று அமர்வு போதும். ஒவ்வொன்றிலும் கடைசிப் பத்து நிமிடம் புத்தகத்தை மூடி, படித்ததை வெற்றுத்தாளில் வரையுங்கள், எழுதுங்கள். விட்டுப்போனதுதான் நாளைய பாடம். மறதியை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டிவிட்டார்: முதல் நாளிலேயே பெரும்பகுதி நழுவிவிடும். அதனால் மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் மறுபடி எழுதிப் பாருங்கள்.

கேள்வி: தேர்வுக் கேள்வித் தொகுப்பை (விடைகளோடு வரும் பயிற்சிக் கேள்விகள்) எப்போது தொடங்கலாம்?

பாடம் முடிந்தபின், தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு. அதற்கு முன் தொடாதீர்கள்.

கேள்வி: தொகுப்பை மட்டும் மூன்று சுற்று போட்டே முதல் முயற்சியில் தேறியவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், மறுக்கவில்லை. தேறிய பிறகு என்ன ஆகும் என்பதே என் கவலை. கார்புரேட்டர் (எரிபொருளையும் காற்றையும் கலக்கும் பாகம்) பனியை எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் ஆவியாவதாலும் வெஞ்சுரியில் (அதன் குறுகிய கழுத்தில்) அழுத்தம் குறைவதாலும் உள்ளே வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் இறங்கலாம். ஆகவே வெளியே 25 டிகிரி, காற்றில் ஈரம் என்றாலும் உள்ளே பனி பிடிக்கும். "குளிர்நாள்" என்று விடையை மட்டும் உருப்போட்டவருக்கு அன்றைக்குச் சந்தேகமே வராது.

இன்னும் மோசமானது அடுத்த கட்டம். நிலைக்கோண புரொப்பெல்லரில் (இதழின் கோணம் மாறாதது) முதல் அறிகுறி ஆர்.பி.எம். (இன்ஜின் சுழலும் வேகம்) மெல்லச் சரிவது. கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கைப்பிடி) முழுதாக இழுத்ததும் அது இன்னும் சரியும், பனி உருகிய நீர் உள்ளே போகும்போது இன்ஜின் முரண்டு பிடிக்கும், பிறகுதான் ஏறும். காரணம் தெரியாதவர் அந்த முரண்டலைக் கேட்டு ஹீட்டை மூடிவிடுவார். சரியாகத் தொடங்கிய வேலையைப் பாதியில் கெடுத்து, பனியைத் திரும்ப வரவழைப்பார். "விடை: சி" என்பது அங்கே அவருக்கு எந்த உதவியும் செய்யாது.

அவரே மீண்டும்: அவ்வளவு ஆழம் போனால் பாடங்கள் முடியாது. தேர்வில் தேறுவதுதானே முதல் வேலை?

நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் தொகுப்பையே திரும்பத் திரும்பப் போடுவதும் நேரம் தின்கிறது, சோர்வும் அங்கேதான் பிறக்கிறது. கேள்வியில் எண்ணை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. 60 பாகைச் சாய்வில் உயரம் குறையாத வளைவு, பாரக் காரணி (இறக்கை தாங்கும் பாரம் எடையைப்போல் எத்தனை மடங்கு) 2; ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது) அதன் வர்க்கமூலத்தால் பெருகும், 1.41 மடங்கு. இது தெரிந்தவருக்கு 50 நாட் 71 ஆகும், 58 கொடுத்தால் 82. உருப்போட்டவரிடம் 71 மட்டுமே இருக்கும்.

நீங்கள் சொல்வதில் ஒன்றை ஏற்கிறேன்: கேள்வி கேட்கும் விதம் பழக, தொகுப்பு வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் தவறான மூன்று விடைகள் ஏன் தவறு, எந்தச் சூழலில் சரியாகும் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு நாளைக்கு 30 கேள்வி போதும்.

கேள்வி: தினமும் எத்தனை மணி நேரம்...

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: நிறப் பார்வையில் சிறு குறை. படிக்கலாமா?

விமான மருத்துவப் பரிசோதகரிடம் கேளுங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

கேள்வி: கணக்கு வராது. நேவிகேஷனைப் பார்த்தாலே பயம்.

60-க்கு ஒன்று என்ற விதியிலிருந்து தொடங்குங்கள். 60 மைல் போனபின் ஒரு மைல் விலகியிருந்தால் பிழை ஒரு பாகை. 30 மைலில் 3 மைல் வலப்பக்கம் போய்விட்டீர்கள்: பிழை 6 பாகை. இன்னும் 30 மைல் பாக்கி என்றால் இலக்கைச் சேரவும் 6. ஆக, 12 பாகை இடம் திரும்புங்கள். வரைபடத்தில் பென்சிலால் பத்துத் தடவை போடுங்கள், கால்குலேட்டர் வேண்டாம்.

கேள்வி: வானிலையால் பறப்பு ரத்தாகிக்கொண்டே இருக்கிறது. ஆர்வம் போய்விட்டது.

நாற்காலியில் பறங்கள். காக்பிட் படத்தை எதிரே ஒட்டி, கிளம்பி ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் ஒரு முழுச் சுற்றை உண்மையான நேரத்திலேயே ஓட்டுங்கள். கை த்ராட்டிலுக்கும் ஃபிளாப்புக்கும் போகட்டும். வேகத்தையும் ரேடியோ வார்த்தைகளையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவசரப்பட்டு இரண்டு நிமிடத்தில் முடிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. டவுன்விண்டில் (சுற்றில் ஓடுபாதைக்கு இணையாக, எதிர்த்திசையில் போகும் பகுதி) இன்ஜின் நின்றதாக வைத்து ஒரு தடவையும் செய்யுங்கள்: முதலில் கிளைடு வேகம் (இன்ஜின் இல்லாமல் மிதந்து இறங்கும் வேகம்), பிறகு இறங்கும் இடம், அதற்குப் பிறகே காரணம் தேடல்.

கேள்வி: நல்ல கேள்வித் தொகுப்புச் செயலி ஒன்று சொல்லுங்களேன்.

பாடம் முடிந்துவிட்டதா? முடியவில்லையென்றால் செயலி வேண்டாம். இன்றைய மெட்டாரை எடுங்கள்.