கட்டட சைட்டுக்குப் போகும் சிவில் மாணவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வாரமாக சைட்டுக்குப் போகிறேன் சார், வேடிக்கை பார்ப்பதோடு சரி. எதில் தொடங்குவது?

பதில்: கான்கிரீட் போடும் நாளுக்குக் காத்திருக்காமல் அதற்கு முந்தின நாளே போய் நில்லுங்கள். கம்பி கட்டி முடித்து எல்லாம் திறந்து கிடக்கும், மறுநாள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. டிராயிங்கும் டேப்பும் எடுத்துக்கொண்டு கம்பி விட்டம், இடைவெளி, லேப் நீளம் (இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும் நீளம்), கவர் (கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் கனம்) எல்லாவற்றையும் நீங்களே அளந்து எழுதுங்கள். நான் படிக்கும்போது ஒரு பால்கனி ஸ்லாபில் ஆட்கள் நடந்து நடந்து மேல் கம்பி இரண்டு விரல் அளவுக்கு அமுங்கிக் கிடந்தது, காட்டிக் கொடுத்தவர் மேஸ்திரி. பால்கனியில் இழுவிசை மேல்பக்கம் வரும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான்!

கேள்வி: கான்கிரீட் எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று கூம்பு வைத்துப் பார்க்கும் ஸ்லம்ப் டெஸ்ட்டை காலேஜ் லேபில் செய்திருக்கிறோம். சைட்டில் வேறு மாதிரியா அண்ணா?

பதில்: அதே 300 மி.மீ. கூம்பு, மூன்று அடுக்காக கான்கிரீட், அடுக்குக்கு கம்பியால் 25 குத்து. அவசரம்தான் புதிது. கான்கிரீட் லாரி காத்து நிற்கும், பம்ப் ஆள் கத்துவார், அடித்தட்டு மணல் மேல் ஆடும், கூம்பைக் கொஞ்சம் திருகித் தூக்கினாலும் கான்கிரீட் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும், அப்புறம் குறை கலவையிலா உங்கள் கையிலா என்றே தெரியாது. சரிந்தால் புதிதாக ஒரு சாம்பிள் கான்கிரீட் எடுத்து மறுபடி செய்யுங்கள். இறுகலாக இருக்கிறதென்று யாராவது லாரி டிரம்முக்குள் தண்ணீர் பைப்பை நீட்டினால் அங்கேயே இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: க்யூப் (வலிமை சோதிக்க வார்த்து வைக்கும் கான்கிரீட் கட்டி) 7 நாளில் நன்றாக வந்தால் போதாதா?

பதில்: போதாது, 28 நாள்தான் கணக்கு. 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்திருக்கும், போகிற போக்கு தெரியும், அவ்வளவே. எந்த லாரி, எந்தத் தூண், என்றைக்கு வார்த்தது என்று க்யூபில் குறிக்காவிட்டால் அந்த முடிவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: மேஸ்திரி எங்களை மதிப்பதே இல்லை.

பதில்: போனதும் தப்பு கண்டுபிடித்தால் எப்படி மதிப்பார்? "இதை ஏன் இப்படிக் கட்டுறீங்க?" என்று கேளுங்கள், பாதி நேரம் உருப்படியான காரணம் சொல்வார். காரணம் சரியாகப் படவில்லையா, அவரோடு வாதாடாமல் டிராயிங்கோடு இன்ஜினியரிடம் போங்கள்.

கேள்வி: பையில் என்ன இருக்க வேண்டும்?

பதில்: டேப், தூக்குக்குண்டு, நோட்டு. ஹெல்மெட்டும் ஷூவும் பையில் இல்லை, உடம்பில். அப்புறம் பென்சில், ஈரமும் சிமெண்ட் தூசியும் பட்ட தாளில் பேனா எழுதாது.