சமையல் மேடைக்கு வெள்ளைக் கிரானைட் போடலாமா?

கேள்வி: தொண்டியில் வீடு கட்டி வருகிறோம். சமையல் மேடைக்கு 12 அடி நீளத்துக்குக் கல் வேண்டும். மேஸ்திரி எங்களை ஒரு கடைக்கு அழைத்துச் சென்று ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற வெள்ளைக் கிரானைட்டைக் காட்டினார், முன்பணமும் கொடுத்துவிட்டோம். கீழக்கரையில் என் நாத்தனார் வீட்டில் போட்ட இதே கல் ஒரு வருடத்திலேயே மஞ்சள் பூத்துவிட்டது. கடல் காற்றுக்கு வெள்ளை நிற்காது, கறுப்பு வாங்குங்கள் என்கிறார்கள் சிலர். குவார்ட்ஸ் போடுங்கள் என்கிறார்கள் வேறு சிலர். என்ன செய்வது?

பதில்: முதலில் கடல் காற்றை விட்டுவிடுங்கள். காற்றோடு வரும் உப்பு மேடையின் மேல்தான் படியும். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போய்விடும். உங்கள் நாத்தனார் வீட்டுக் கல்லைக் கெடுத்தது பெரும்பாலும் கீழிருந்து ஏறிய நீராகத்தான் இருக்கும். நம் கடற்கரை ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நீரிலேயே கலவை குழைத்து, அதன் மேலேயே கல்லையும் பதிக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தேவிபட்டினம் பக்கம் ஒரு வீட்டில், மஞ்சளடித்துப்போன மேடைக் கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் வாலிநோக்கம் உப்பளத்தின் வரப்போரம் போல வெள்ளைப் பொருக்கு. விரலால் தடவினால் மாவாக உதிர்ந்தது. கல்லில் பொடிப் பொடியாகத் தெரிந்த கருஞ்சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி மட்டும் துருவின் நிறம் வட்டமிட்டிருந்தது.

காரணம் எளிது. காஷ்மீர் ஒயிட்டுக்கும் காஷ்மீருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது நம் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்துக் கல். பெயரை நம்பி விலை பேசாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த வெள்ளைக் கல்லில் இரும்புச் சத்துள்ள தாதுக்கள் புள்ளிகளாக இருக்கும். கல்லும் கறுப்பைவிடச் சற்று அதிகமாக நீரை உறிஞ்சும். உப்பு நீர் உள்ளே ஏறினால் அந்தப் புள்ளிகள் துருப்பிடித்து, அதுதான் மஞ்சளாகக் கசியும். மேலே எதைப் போட்டுத் தேய்த்தாலும் இது போகாது. தேய்க்கத் தேய்க்கப் பாலிஷ்தான் போகும்.

ஆகவே, முன்பணம் போய்விடுமோ என்று கலங்குவதற்கு முன், கடைக்குப் போய் அதே கல்லை ஒரு முறை சோதித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த ஸ்லாப்பாக இருக்க வேண்டும்; காலையில் கழுவி நிறுத்தியதையோ மழையில் நனைந்ததையோ சோதித்துப் பயனில்லை. ஓர் ஓரத்தில் ஒரு கரண்டி நீரை விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மட்டும் கருத்து நின்றால், அந்தக் கல் புளித்தண்ணீரையும் மீன் கழுவிய நீரையும் அப்படியே குடிக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கறுப்புக் கல்லுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து அழுத்தித் துடைத்தால் துணி கறுத்து வரக்கூடாது. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. மெழுகு பூசியிருந்தால் முதல் துடைப்பில் கொஞ்சம் அழுக்கு வரும். ஆகவே அதே இடத்தை இரண்டாம் முறை துடைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், தினமும் மீனும் மஞ்சளும் புளியும் புழங்கும் அடுப்படிக்கு அடர்த்தியான கறுப்பையே எடுங்கள். வெள்ளை மேல் ஆசை இருந்தால் பூஜை அலமாரித் தட்டுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் கிரானைட் அல்ல. கடப்பா கல் சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் பட்ட இடம் மங்கிவிடும். அலமாரித் தட்டுக்கும் மேடைக்கு அடியில் தாங்கலுக்கும் அது போதும். மேல் மேடைக்கு ஆகாது. மார்பிளுக்கும் இதே கதைதான்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய சொல் ‘மேஸ்திரி அழைத்துச் சென்றார்’ என்பதுதான். கல் கடைக்கு வீட்டுக்காரரை அழைத்து வருபவருக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கமிஷன் வைப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். அந்தத் தொகை உங்கள் பில்லில்தான் ஏறுகிறது என்பது ஒரு பாதி. எந்தக் கல்லில் கமிஷன் கூடுதலோ அந்தக் கல்லைத்தான் அவர் வாய் நிறையப் புகழ்வார் என்பது மறு பாதி. நேரே போய்க் கேட்டால் விலை குறையும் என்றும் நம்பிவிடாதீர்கள். “யார் அனுப்பினார்கள்?” என்று கடைக்காரர் கேட்பார், மேஸ்திரி பெயரைச் சொன்னால் அவர் பங்கு கணக்கில் ஏறிவிடும்.

அளவிலும் ஏமாற்றம் உண்டு. 9 அடி 4 அங்குல நீளமும் 2 அடி 7 அங்குல அகலமும் உள்ள ஸ்லாப் 24 சதுர அடிதான். அதையே மூன்று அங்குல மடங்காக மேலே தள்ளி ஒன்பதரைக்கு இரண்டே முக்கால் என்று எழுதினால் 26 சதுர அடியாகிவிடும். கனமும் அப்படியே: 20 மில்லிமீட்டர் என்று சொல்லிப் பதினாறைக் கொடுப்பார்கள். ஒரு ஸ்கேலைக் கையோடு கொண்டுபோய் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ இருக்கும். எடை போட வழியிருந்தால் பொய் சொல்ல வழியில்லை. தேர்ந்தெடுத்த ஸ்லாப்பின் பின்பக்கம் உங்கள் பெயரை எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; இறக்கும்போது அதே கல்தானா என்று பாருங்கள்.

ஆகவே கல் வாங்குவதை மேஸ்திரியிடம் விடக்கூடாது என்பேன். அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாக ஒப்பந்தம் பேசியிருந்தால், கல்லை அவர்தான் வாங்க வேண்டும். நீங்கள் குறுக்கே போய் வாங்கினால், பிறகு விரிசல் விட்டாலும் “கல் உங்களுடையது” என்று கை கழுவிவிடுவார். ஆனால் ‘கிரானைட் மேடை’ என்று ஒரே வரியில் ஒப்பந்தம் எழுதியிருந்தால் அது எழுதாததற்குச் சமம். கல்லின் பெயர், நிறம், கனம், ஓர மோல்டிங் எந்த வகை, சிங்க் வெட்டும் கூலி உட்பட்டதா, ஏற்றி இறக்கும்போது உடைந்தால் யார் பொறுப்பு, இத்தனையும் அதில் இருக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்ட மாதிரித் துண்டு ஒன்று உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அந்தத் துண்டோடு ஒத்துப்போகாத கல் வந்தால் லாரியிலிருந்து இறக்கவே விடாதீர்கள். இறக்கிய கல்லைத் திருப்பி ஏற்றிய மேஸ்திரியை நான் இதுவரை பார்த்ததில்லை. கூலி மட்டும் பேசியிருந்தால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. கல்லை நீங்களே வாங்குங்கள்.

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எடையும் நாளும் விலையும் தயாரித்தவர் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கல்லில் அது எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று ஓர் எழுத்துகூட இருப்பதில்லை. பாலிஷ் செய்த கிரானைட்டுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரக் குறிப்பு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கடையில் அதைப் பற்றிக் கேட்டால் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். ஏமாந்துபோனால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம். 5 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிய கணக்கோடு போனால் அங்கே உங்கள் பேச்சு எடுபடாது. கல்லின் பெயரும் அளவும் எழுதிய ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். “பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்” என்பவரிடம் வாங்காதீர்கள்.

பதிப்பதைப் பற்றி. மேடைக்கு அடியில் போடும் கான்கிரீட்டுக்கும் கலவைக்கும் லாரித் தண்ணீரை மட்டுமே பயன்படுத்தச் சொல்லுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குழைக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு (உப்பின் அளவைக் காட்டுவது) கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக் குறிப்பான ஐ.எஸ். 456, அளக்க வசதி இல்லாதவர் நாக்கில் வைத்துப் பார்த்து, உவர்த்தால் ஒதுக்கிவிடலாம். அடித்தளம் நன்றாகக் காய்ந்த பிறகே கல் ஏற வேண்டும். சிமெண்ட் பாலுக்குப் பதிலாக டைல்ஸ் பசை போட்டு ஒட்டினால் ஈரமும் உப்பும் குறையும். சிங்குக்கு முன்னால் விடும் பட்டை மூன்று அங்குலத்துக்குக் குறையக்கூடாது. கல் முதலில் விரிசல் விடும் இடம் அதுதான். நண்டுக் காலைக் குழவியால் தட்டி உடைக்கும் இடமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது. அந்த வேலையைக் கொல்லைப்புறத்து அம்மியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்ஸ் என்பது அரைத்த கல்லைப் பிசினில் இறுக்கிச் செய்த பலகை. எளிதில் கறை பிடிக்காது, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய எண்ணெய்ச் சட்டியை நேரே வைத்தால் பிசின் கருகும், வெயில் விழும் சன்னலோரத்தில் நிறம் மாறும். அதை வெட்டும்போது பறக்கும் தூசி தொழிலாளியின் நுரையீரலை அரித்துவிடும் என்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதற்குத் தடையே போட்டுவிட்டது. எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டபடி வெட்டச் சொல்லுங்கள். உலர்ந்த கல்லை வீட்டுக்குள் வெட்ட விடாதீர்கள்.

போட்ட பிறகு பராமரிப்பு அதிகமில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒரு முறை துடைக்க வேண்டும். போர் தண்ணீர் கறுப்புக் கல்லின் மேல் தானாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் படியும். அதை நீக்க ஆசிட் ஊற்றாதீர்கள், பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெல்லச் சுரண்டினால் வந்துவிடும். சிங்கைச் சுற்றியும் சுவரோரத்திலும் உள்ள சிலிக்கான் கறுத்துப் பிரிந்தால் அதைக் கிழித்து எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்; மேலிருந்து நீர் கீழே இறங்குவது அந்த இடுக்கு வழியாகத்தான்.