மாமன் மடியில் மகன்: கதை எழுதுவோர் கேள்விகள்

தத்து, தாய்மை, குடும்ப உறவு ஆகியவற்றை வைத்துச் சிறுகதையும் நாவலும் எழுதிக்கொண்டிருக்கும் வாசகர்களின் கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கே: என் நாவலின் முதல் அத்தியாயம் 2023-இல் நடக்கிறது. பிள்ளையில்லாத தம்பதி, பிரசவ வார்டிலேயே ஒரு நர்ஸ் மூலம் பச்சைக் குழந்தையை வாங்கிக்கொண்டு அன்றிரவே ஊர் திரும்புகிறார்கள். அவர்களை நல்லவர்களாகவே காட்ட ஆசை. சரிவருமா? (வாசகி, கோவை)

நல்லவர்களாகக் காட்டுங்கள், தடையில்லை. ஆனால் அவர்கள் செய்தது குற்றம் என்பது உங்கள் நாவலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். மருத்துவமனை ஊழியர் உடந்தை என்றால் அவருக்கு 3 முதல் 7 ஆண்டு. அந்த நர்ஸ் இனிமேல் உங்கள் கதையில் சும்மா வந்துபோகிற ஆள் இல்லை. பிறப்புச் சான்றிதழில் யார் பெயரைப் போட்டார்கள், அதற்கு யார் கையெழுத்திட்டார்கள் என்பதெல்லாம் பின்னால் வட்டியோடு வந்து நிற்கும். அந்தப் பயத்தை எழுத விருப்பமிருந்தால் இந்தத் தொடக்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்வழி வேண்டுமென்றால் நடப்பது இது. மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் தளத்தில் தம்பதி பதிவு செய்வார்கள். மணமாகி நிலையாக 2 ஆண்டாவது வாழ்ந்திருக்க வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து வீட்டாய்வு அறிக்கை எழுதுவார். அப்புறம் காத்திருப்பு, அதுவும் ஆண்டுக்கணக்கில். ஒருநாள் குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வரும். எங்களுக்கு இந்தக் குழந்தை என்று 48 மணி நேரத்துக்குள் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு குழந்தை வளரும் தத்து மையத்துக்குப் போய் நேரில் பார்த்துச் சம்மதித்து, குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் தத்து ஆணை வரும். அதை 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். அதற்கு முந்தைய கதை என்றால் நீதிமன்றம்.

இத்தனையையும் எழுதினால் அரசாணை படித்த மாதிரி இருக்கும். அந்த 48 மணி நேரத்தை மட்டும் எடுங்கள். அறிக்கையைத் தெரிந்த டாக்டரிடம் காட்டக் கணவன் ஓடுகிறான். மாமியார் நிறம் கேட்கிறாள். மனைவி போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காதுமடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓர் அத்தியாயத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்றை மறக்காதீர்கள். பெற்றவர்கள் குழந்தைகள் நலக் குழு முன் கையெழுத்திட்டு ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள 60 நாள் அவகாசம் உண்டு. ஆகவே இந்த வழியில் வரும் குழந்தை, தொப்புள்கொடி உதிராத சிசுவாக இருக்க முடியாது. முகம் பார்த்துச் சிரிக்கும், தலை ஏறக்குறைய நின்றிருக்கும். முதல் சந்திப்பில் புதுத்தாய் பார்ப்பது ஏற்கெனவே இன்னொருத்தி தோளுக்குப் பழகிய ஒரு பிள்ளையை.

கே: மகளுக்கு 17 வயதில் விபத்து. ரத்த வகை பொருந்தாததால் தான் தத்துப்பிள்ளை என்று அறிகிறாள். அப்பா, அம்மா இருவரும் ஏ பாசிட்டிவ், அவள் ஓ நெகட்டிவ். (வாசகர், திருச்சி)

அந்த இருவருக்கும் அவள் பிறந்திருக்கலாம். ஏ வகைப் பெற்றோர் இருவரும் ஓ மரபணுவை மறைவாகச் சுமக்க முடியும். பாசிட்டிவ் இருவருக்கு நெகட்டிவ் பிறப்பதும் வழக்கம்தான். முரண் வேண்டுமென்றால் இருவரையும் ஓ ஆக்கி மகளை ஏ அல்லது பி ஆக்குங்கள். இல்லையேல் ஒருவரை ஏபி ஆக்கி மகளை ஓ ஆக்குங்கள். அதிலும் ஒரு சந்து உண்டு. 1952-இல் கண்டறியப்பட்ட ‘பம்பாய் வகை’ ரத்தம் சாதாரணச் சோதனையில் ஓ போலவே காட்டும், உள்ளே ஏ, பி மரபணு இருக்கும். விவரம் தெரிந்த வாசகர் அதைச் சொல்லி உங்களை மடக்கலாம்.

எங்கள் ஆட்சேபம் வேறு. பள்ளி அடையாள அட்டையிலேயே ரத்த வகை அச்சிட்டிருக்கிறது. 17 வயது வரை அந்த வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லையா? தத்தெடுப்பு ஆலோசகர்கள் இப்போது குழந்தைக்கு விவரம் புரியும் வயதிலேயே, கதைபோலச் சிறுகச் சிறுகச் சொல்லிவிடச் சொல்கிறார்கள். உண்மை உடைகிற நாளை உச்சக்காட்சியாக வைக்கும் கதைகள் பழசாகத் தோன்றுவதற்கு இதுவும் காரணம். அவளுக்கு 4 வயதிலேயே தெரியும் என்று வைத்து எழுதிப் பாருங்கள். உங்களிடம் கதை மிச்சமிருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

கே: 1993-இல் உசிலம்பட்டியில் தொட்டிலில் விடப்பட்ட பெண், வெளிநாட்டில் வளர்ந்து திரும்பி வந்து, கோப்பில் தாயின் முகவரியைப் பெறுகிறாள். இது நடக்குமா? (வாசகி, சென்னை)

இரண்டு இடத்தில் இடறுகிறது. வளர்க்க விரும்பாத சிசுவை அரசு வைத்த தொட்டிலில் விட்டுப்போகலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில்தான் தொடங்கியது. உசிலம்பட்டி இருக்கும் மதுரை மாவட்டத்துக்கும், தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் 2001-இல் விரிந்தது. ஆண்டு முக்கியமென்றால் ஊரைச் சேலம் பக்கம் மாற்றுங்கள், ஊர் முக்கியமென்றால் ஆண்டைத் தள்ளுங்கள்.

அடுத்தது முகவரி. தொட்டிலில் போட்டவளிடம் யாரும் பெயர் கேட்கவில்லை, அதுதான் திட்டத்தின் அடிப்படையே. இல்லாத முகவரியைக் கோப்பு எப்படித் தரும்? கையெழுத்திட்டு ஒப்படைத்த தாய் என்றாலும், அவள் சம்மதிக்காவிட்டால் விவரம் தரமாட்டார்கள். 18 வயது நிறைந்தவர் தம் வேர்களைத் தேடித் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் பெற்றோருடன் சேர்ந்துதான். மூன்றாம் ஆள் போய்த் தேடித் தர விதியில் இடமில்லை. உங்கள் நாவலில் வரும் அந்தப் பத்திரிகையாளர் நண்பர் வாசலோடு நின்றுகொள்ளட்டும். அவள் கைக்கு ஒரு தேதி, ஒரு நேரம், வந்த அன்றைய எடை கிடைக்கட்டும். 1 கிலோ 900 கிராம் என்ற வரியை அவள் எத்தனை தடவை படிப்பாள்!

கே: கிராமத்துக் கதை. அண்ணன் தன் இரண்டாவது மகனை, பிள்ளையில்லாத தங்கைக்குத் தத்துக் கொடுக்கிறான். பத்திரம் கட்டாயமா? பையன் யாரை எப்படிக் கூப்பிடுவான்? (வாசகர், திண்டுக்கல்)

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இந்துக் குடும்பம் என்றால் 1956-ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டத்தின் கீழ் இது நடக்கலாம். பெற்றவர்கள் பிள்ளையைக் கையால் கொடுக்க, எடுப்பவர்கள் கையால் வாங்க வேண்டும். ஹோமம் கட்டாயமில்லை. பதிவுப் பத்திரமும் கட்டாயமில்லை, ஆனால் இருந்தால் வழக்கில் நிற்கும். பையனுக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது, வேறு வழக்கமுள்ள சமூகம் என்றால் தவிர. தங்கைக்கு ஏற்கெனவே மகன் இருந்தால் மகனைத் தத்தெடுக்க முடியாது.

உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் நாவலே இருக்கிறது. பெற்ற அப்பன் இப்போது தாய்மாமன், பெற்றவள் அத்தை. காதுகுத்தன்று பையனைத் தாய்மாமன் மடியில்தானே உட்கார வைப்பார்கள்? கொடுத்துவிட்ட மகனை ஊர் கூடிய பந்தலில் மடியில் வைத்துக்கொண்டு, அவன் வாயால் ‘மாமா’ என்று கேட்டுக்கொண்டு, சீர்த்தட்டோடு வருகிறான் உங்கள் அண்ணன். பெற்றவள் ‘அத்தை முறுக்கு’ என்று கொடுக்கிறாள். யாரும் அழ வேண்டாம். அழவைத்தால் காட்சி கெட்டுவிடும்.

இன்னும் பத்து ஆண்டு தள்ளிப் போங்கள். பையனின் உடன்பிறந்த தங்கை இப்போது மாமன் மகள், பேச்சு வழக்கில் முறைப்பெண்! விவரம் தெரியாத கிழவி யாராவது ‘உன் மாமன் மகளைக் கட்டிக்கோடா’ என்று கேலி செய்வாள், வீடே ஸ்தம்பிக்கும். சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. தத்துப் போனாலும், பிறந்த குடும்பத்தில் யாரை மணக்க முடியாதோ அவர்களை மணக்க முடியாது. அண்ணனுக்கு ஒரு தம்பி இருந்தால் அவன் மகளும் அப்படியே: புது முறைப்படி மாமன் மகள், பிறப்புப்படி சித்தப்பா மகள்.

இதையே அண்ணன் தம்பிக்குக் கொடுத்ததாக மாற்றினால் இந்தச் சிக்கல் மறைந்துவிடும். பெற்றவள் ‘பெரியம்மா’ ஆகிறாள், அந்தச் சொல்லுக்குள் ‘அம்மா’ பத்திரமாக இருக்கிறது. எந்த உறவுக்குள் கொடுக்கிறார்கள் என்பதைத் தற்செயலாக விட்டுவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கே: குழந்தையை முதலில் அணைத்ததும் தத்துத் தாய்க்குப் பால் சுரப்பதாக எழுதலாமா? (வாசகி, மதுரை)

புராணத்தில் எழுதலாம். மணிமேகலையில், பெற்றவள் விட்டுப்போன ஆபுத்திரன் என்ற குழந்தைக்கு ஒரு பசுவே 7 நாள் பால் கொடுக்கிறது. நடப்புக் கதையில், பெறாதவளுக்கும் பால் சுரக்க வைக்க முடியும் என்பது மருத்துவ உண்மை. ஆனால் அது அணைப்பில் வராது. மருத்துவர் மேற்பார்வையில், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, பம்ப் வைத்து வாரக்கணக்கில் தூண்ட வேண்டும். அப்போதும் பெரும்பாலும் முழு அளவு வராது, கூடவே புட்டிப்பாலும் தேவைப்படும். நள்ளிரவு 2 மணிக்கு பம்ப் சத்தம், ஐந்தாம் நாள் புட்டியின் அடியில் நான்கு சொட்டு. உங்கள் அற்புதத்தைவிட எங்களுக்கு இது பிடித்திருக்கிறது.

அவளை வேலைக்குப் போகிறவளாகக் காட்டியிருக்கிறீர்கள். 2017-இல் திருத்திய மகப்பேறு பலன் சட்டம், தத்துத் தாய்க்கு 12 வார விடுப்புத் தந்தது, ஆனால் குழந்தை 3 மாதத்துக்குட்பட்டதாக இருந்தால் மட்டும். மேலே சொன்ன 60 நாளையும் மற்ற நடைமுறைகளையும் கூட்டிப் பாருங்கள். 2018-இல் நடக்கும் உங்கள் கதையில் குழந்தை வீடு வரும்போது 5 மாதம் என்றிருக்கிறது. விடுப்பு விண்ணப்பத்தை மேலாளர் என்ன செய்வார் என்று அடுத்த பிரதியில் எழுதி அனுப்புங்கள்.