இரண்டு குழுவுக்கும் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையில் (chi-square test), வித்தியாசமே இல்லையென்றால் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை வரவேண்டும் என்பதுதான் எதிர்பார்க்கும் எண்ணிக்கை. அதற்கு இரண்டு குழுவையும் ஏன் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்? இரண்டு சதவீதத்தின் சராசரி போதாதா?

போதாது. இதே கேள்வியை எம்.எஸ்சி. முதல் வருஷத்தில் நானும் கேட்டேன். "வரிசை மொத்தம் இன்ட்டு நிரல் மொத்தம் பை பெருமொத்தம். எழுதிக்கோ" என்றார் ஆசிரியர். எழுதிக்கொண்டேன், புரியவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

பிராக்டிகலில் டைட்டானிக் கணக்கு வந்தது. 1912 பிரிட்டிஷ் விசாரணை அறிக்கைப்படி முதல் வகுப்புப் பயணிகள் 325 பேரில் பிழைத்தவர்கள் 203. மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178. அதாவது 62.5, 25.2 சதவீதம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 43.8 என்று வைத்துக்கொண்டேன். எதிர்பார்க்கும் எண்ணிக்கை 142.5, 309.5 என்று வந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. காரணம் எழுதவில்லை.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் அந்த இரண்டு எண்ணையும் கூட்டினேன். 452. உண்மையில் பிழைத்தவர்களோ 203 + 178, மொத்தம் 381 பேர்தான். கடலில் செத்துப்போன 71 பேரை என் கணக்கு உயிரோடு கரைசேர்த்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 325 பேருக்கும் 706 பேருக்கும் ஒரே எடை கொடுத்ததால் வந்த வினை.

வகுப்பால் வித்தியாசமே இல்லை என்பதுதானே நாம் சோதிக்கும் எடுகோள்? அது உண்மையென்றால் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பேச்சே கிடையாது. 1031 பேரும் ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்தின் விகிதம் 381/1031, ஏறக்குறைய 36.95 சதவீதம். அதை 325-ஆல் பெருக்கினால் 120.1, 706-ஆல் பெருக்கினால் 260.9. கூட்டினால் சரியாக 381. ஆசிரியர் சொன்ன சூத்திரமும் இதேதான்: முதல் வகுப்புக்கு வரிசை மொத்தம் 325, பிழைத்தவர்களின் நிரல் மொத்தம் 381, பெருமொத்தம் 1031.

டைட்டானிக் பயணிகள் ஒன்றும் ரேண்டம் சாம்பிள் இல்லையே என்று சிலர் வரலாம். தெரியும், விளக்கத்துக்காகத்தான் எடுத்தேன். வித்தியாசத்துக்கு நம்பிக்கை இடைவெளி (அது எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பு) போடும்போது இப்படிச் சேர்ப்பதில்லை என்பதும் தெரியும். அங்கே இரண்டும் சமம் என்று நாம் கருதுவதில்லை. இங்கே கேட்டது எதிர்பார்க்கும் எண்ணிக்கை பற்றி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியை நான் வகுப்பில் தமிழில் கேட்டேன். பின் பெஞ்சில் சிரித்தார்கள், ஆசிரியர் தடுக்கவில்லை. தமிழ் மீடியத்திலிருந்து போன நாங்கள் நாலு பேர் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வாயே திறக்கவில்லை. இப்போது நான் டியூஷன் எடுக்கிறேன். என் பிள்ளைகள் தமிழில்தான் கேட்கிறார்கள். பதிலும் தமிழில்தான்.